ரேமைத் துடைத்தால் சார்ஜ் மிச்சமாகுமா?

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு பழக்கம். போனை எடுத்ததும் திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் தள்ளி மூடுவார்கள். கேட்டால், "ரேம் காலியானா சார்ஜ் நிக்கும்டா!" என்பார்கள். தப்பு நண்பர்களே.

காலி ரேம் என்பது பீரோவில் பூட்டிய பணம் மாதிரி... வட்டி வராது. இடம் தேவைப்பட்டால் பழைய ஆப்பை ஆண்ட்ராய்டே வெளியேற்றிவிடும். நாம் மூடிய ஆப்பைத் திரும்பத் திறந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். சார்ஜ் அதில்தான் போகிறது. ஆண்ட்ராய்டுக்குத் தலைமை வகித்த ஹிரோஷி லாக்ஹைமரே 2016-ல் இதைச் சொல்லிவிட்டார். உறைந்து நிற்கும் ஆப்பை மட்டும் மூடினால் போதும்.

இதைவிட மோசம் 'பூஸ்டர்' ஆப்கள். சுத்தம் செய்ய வந்தவர் விளம்பரம் காட்டிக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறார்!

சார்ஜ் சீக்கிரம் தீர்கிறதா? செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைப் பாருங்கள். எந்த ஆப் தின்கிறது என்று தெரியும். அடுத்து சேஃப் மோட். அதில் நாம் நிறுவிய ஆப்கள் ஓடாது. அப்போது போன் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப்தான்.

பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாமல் உடனே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி, புதுப் போனுக்கு அப்பாவிடம் பணம் கேட்கும் முன் இதையெல்லாம் ஒருமுறை செய்து பார்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன?