‘எனக்கு வந்ததே தெரியலப்பா!’

உங்கள் வீட்டில் ஆறேழு வயசில் ஒரு வாண்டு இருக்கிறானா? அப்படியென்றால் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே படியுங்கள். விஷயம் கொஞ்சம் ‘வாசனை’யானது!

கோடை லீவில் ஸ்ரீரங்கத்து வெயில் தாங்காமல் குடும்பத்தோடு பச்சைமலைக்குக் கிளம்பினோம். ஊட்டி, கொடைக்கானலுக்கெல்லாம் பர்ஸ் இடம் கொடுக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் துறையூர், அங்கிருந்து இன்னொரு பஸ். சோபனபுரம் தாண்டினால் மலை ஏற ஆரம்பித்துவிடும். டாப் செங்காட்டுப்பட்டி, மங்களம் அருவி, மரவள்ளித் தோட்டம் என்று பையன் ஏக குஷி. எல்லாம் இறங்கும்வரைதான்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் பத்துப் பதினைந்து பலாப்பழம் ஏற்றியிருந்தார்கள். நாலாவது வளைவிலோ ஐந்தாவது வளைவிலோ, அந்தப் பலாப்பழ வாசனையையும் மீறிக்கொண்டு இன்னொரு வாசனை எழுந்தது பாருங்கள்... முன் சீட்டுக்காரர் தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். கண்டக்டர் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் மட்டும் ஜன்னல் வழியாக இயற்கையை ரசிப்பதுபோல பாவனை செய்தேன். ஏனென்றால் என் மடி ஈரமாகிக்கொண்டிருந்தது!

“ஏழு வயசு எருமைக்கு முன்னாடியே சொல்லத் தெரியாதா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் உதடு துடித்தது. “எனக்கு வந்ததே தெரியலப்பா...” என்றான். “பொய் வேறயா?” என்று இன்னும் ஒரு அதட்டல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையூர்ப் பாட்டி ஒருத்திதான் என்னை அடக்கினாள். “புள்ளதானே சாமி, விடு. வேணும்னா செய்யும்?” என்று சொல்லித் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள். சோபனபுரத்தில் டிரைவர் வண்டியை நிறுத்த, குழாயடியில் என் மனைவி அவனைக் கழுவிவிட்டாள். அந்தத் துண்டை வேட்டியாகக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பெரிய மனுஷன் மாதிரி திருச்சி வந்து சேர்ந்தான் என் மகன்.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் ஆரம்பம். வயிற்றுப்போக்கு என்று நாங்களே முடிவு கட்டினோம். மோர், மாதுளம் பிஞ்சு, வெறும் ரசம் சாதம். மூன்று நாளாகியும் ஜட்டியில் கறை படுவது நிற்கவில்லை. குழந்தை டாக்டரிடம் ஓடினோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், உங்க பையனுக்கு வயித்துப்போக்கே இல்லை. மலச்சிக்கல்!”

உங்களுக்கும் தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. விஷயம் இதுதான். குழந்தை பல நாள் அடக்கி அடக்கி வைக்கும்போது மலம் கெட்டியாகி, மலக்குடல் விரிந்துவிடுகிறது. நாளாக ஆக, ‘நிறைந்துவிட்டது, போகவேண்டும்’ என்ற உணர்வே மந்தமாகிவிடுகிறது. மேலேயிருந்து வரும் இளகிய மலம், அடைத்திருக்கும் கட்டியைச் சுற்றிக்கொண்டு கசிகிறது. பார்க்கிற நமக்கு அது பேதி! குழந்தைக்கோ அது வருவதே தெரியாது. பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்கு இது அதிகம் வருகிறதாம். ஆக, பஸ்ஸில் என் பையன் சொன்னது சத்தியமான வார்த்தை. பொய்யன் என்று திட்டிய நான்தான் முட்டாள்.

சரி, ஏன் அடக்கினான்? மெதுவாகக் கேட்டபோது கக்கினான். “ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லப்பா. பசங்க கதவைத் தள்ளிட்டுச் சிரிப்பாங்க. தண்ணியும் வராது.” காலையில் வீட்டிலாவது நிம்மதியாக உட்கார விட்டோமா? “வேன் வந்துடுச்சு, எழுந்திருடா!” என்று கதவைத் தட்டியது யார்? அடியேன்தான்!

பள்ளியில் கழிப்பறை வேண்டும் என்று 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீர், கழிப்பறை வசதி செய்யச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனால் கழிப்பறை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நம் குழந்தை அதில் நிம்மதியாகப் போகிறதா என்பது வேறு கேள்வி. பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் பற்றிக் கேட்கிறோம், கையெழுத்து பற்றிக் கேட்கிறோம். தாழ்ப்பாளைப் பற்றி என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? இனிமேல் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் கேட்டேன். இரண்டு அப்பாக்கள் சிரித்தார்கள். நாலு அம்மாக்கள் ‘எங்க பையனும்தான் சார்’ என்றார்கள். அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்தது.

டாக்டர் மலம் இளக மருந்து கொடுத்தார். குடல் பழைய நிலைக்கு வரச் சில மாதம் பிடிக்கும், நடுவில் நாமாக நிறுத்தக்கூடாது என்று எச்சரித்தார். காலை டிபன் முடிந்ததும் ஐந்து பத்து நிமிஷம் அவசரமில்லாமல் உட்காரவேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாகவே அசைந்து கொடுக்குமாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் ஊன்றக் கீழே ஒரு பலகை. கீரை, கொய்யா, பப்பாளி, நிறையத் தண்ணீர். சதா சர்வகாலமும் பால் குடிக்கிற பிள்ளை என்றால் பாலைக் கொஞ்சம் குறைக்கலாம். விளக்கெண்ணெயோ, பேதியை நிறுத்தும் மருந்தோ நாமாகக் கொடுப்பது வேண்டாம். மலத்தில் ரத்தம், வாந்தி, வயிறு உப்பல், எடை குறைவு என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான மருந்து, திட்டாமல் இருப்பது. திட்டத் திட்டக் குழந்தை இன்னும் இறுக்கிக்கொள்ளும்; ஜட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கும். ‘பரவாயில்லடா, கழுவிக்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது பயல் தேறிவிட்டான். போன வாரம், “மறுபடி பச்சைமலை போலாம்பா” என்றான். “ஏன்டா, பட்டது போதாதா?” என்றேன்.

“அந்தப் பாட்டி துண்டைத் திருப்பிக் கொடுக்கணும்ல?”

துவைத்து மடித்து, அவனே எடுத்து வைத்திருக்கிறான்.