காய்ச்சலை மறைப்பது தவக்குல் ஆகாது



வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் செழிக்கின்றன. அதே நாட்களில் நம் தெருக்களில் பிள்ளைகள் காய்ச்சலில் படுக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு மழைக்காலத்தில் என் தங்கையின் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. நிலவேம்புக் குடிநீரும், தேனில் குழைத்த கருஞ்சீரகமும் கொடுத்து நான்கு நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் சூடு இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று அனைவரும் மகிழ்ந்தோம். அன்று மாலையே பிள்ளை ஓயாமல் வாந்தி எடுத்தான், வயிற்றுவலியால் துடித்தான். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். டெங்கு என்றார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தான்.

"முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று தங்கையிடம் கேட்டேன். "சொன்னால் தெருவை அடைத்துவிடுவார்கள் அண்ணே, மறுபடியும் நம்மைத்தான் பேசுவார்கள்" என்றாள். அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

அவள் அச்சம் ஆதாரமற்றதன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் போடிநாயக்கனூரில் தெருக்கள் அடைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. டெல்லி மாநாட்டிற்குச் சென்று வந்தவர்களின் எண்ணிக்கை நாள்தோறும் தனியாக அறிவிக்கப்பட்டது. நோயாளி குற்றவாளியாகச் சித்திரிக்கப்பட்டார். சில மாதங்கள் கழித்து மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி வழக்குகளை ரத்துச் செய்தது. நீதி வந்தது, ஆனால் உள்ளத்தில் விழுந்த வடு ஆறவில்லை. நோயைக் கண்காணிக்கும் அமைப்பு ஒரு சமுதாயத்தைக் கண்காணிப்பதுபோல் நடந்துகொண்டால், மக்கள் நோயை மறைக்கவே கற்றுக்கொள்வார்கள். ஆட்சியாளர்கள் உணர வேண்டிய பாடம் இது.

எனினும், அவர்கள் செய்த பிழைக்கு நம் பிள்ளைகள் விலை கொடுக்கலாமா?

நம் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 18இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்தில் அச்செய்தியை அறிந்தார்கள். முஹாஜிர்களிடமும், அன்ஸாரிகளிடமும், குறைஷி மூத்தவர்களிடமும் ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்று உமர் (ரலி) விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒருபுறம் பசுமை, மறுபுறம் வறட்சி என்றால், ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதிப்படியே என்று உவமையும் கூறினார்கள். பசுமையும் வறட்சியும் அடுத்தடுத்து அமைந்த பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை. பின்னர் அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், அது உள்ள ஊரிலிருந்து தப்பி வெளியேறாதீர்கள் என்ற கருத்துடைய நபிமொழியை (ஸல்) எடுத்துரைத்தார்கள். கலீஃபாவுக்குச் செய்தி உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததால்தான் அந்தத் தீர்மானம் சாத்தியமாயிற்று. செய்தியை மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஹதீஸ் கலைப் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ அவர்கள் தம் மகள்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோய் குறித்துத் தனி நூலே எழுதியவர். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் மக்கள் மூன்று நாட்கள் நோன்பிருந்து, பெருந்திரளாகப் பாலைவெளிக்குச் சென்று பிரார்த்தித்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த மரணங்கள், அந்த மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டின என்று அவர் பதிவு செய்துள்ளார். துஆவின் மீது அவருக்கு நம்பிக்கை இல்லையா? இருந்தது. ஆயினும் எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே எழுதினார். அதுவே ஓர் ஆலிமின் நேர்மை.

இன்று அந்த எண்ணும் பணியை நோய்க் கண்காணிப்புத் திட்டம் செய்கிறது. 2004இல் தொடங்கப்பட்ட அது இன்று நாடு முழுவதும் நடைபெறுகிறது. ஒரு தெருவில் மூன்று வீடுகளில் காய்ச்சல் என்று கிராம சுகாதாரச் செவிலியர் குறித்தால், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அத்தெருவுக்கு வருவார்கள். முதல் வீடு சொல்லாவிட்டால், நான்காம் வீட்டுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை. நம் மாவட்டம் இதில் பின்தங்கியதும் அன்று. 2020 மார்ச்சில் தமிழகத்தில் கொரோனா பரிசோதனை தொடங்கிய முதல் சில ஆய்வகங்களுள் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகமும் ஒன்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று மலைப்பாதைகள் வழியாக ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் கேரளம் சென்று திரும்புகின்றனர். நோய்க்கு எல்லைச் சாவடி தெரியாது.

இனி மூலிகைக்கு வருவோம். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் உள்ளன. டெல்லியிலுள்ள ஆய்வாளர்கள் சித்த மருத்துவ ஆராய்ச்சியாளர்களோடு இணைந்து, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் டெங்கு, சிக்குன்குனியா கிருமிகளுக்கு எதிராக அதைச் சோதித்தனர், பயன் தென்பட்டது. கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் என்ற பொருளும் நோய் எதிர்ப்பு ஆய்வுகளில் முக்கிய இடம் பெற்றுள்ளது. ஆனால் கண்ணாடிக் குப்பியில் கிடைத்த வெற்றி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் உடலில் கிடைத்த வெற்றி ஆகாது.

செடியை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. சிலி நாட்டுக் குயிலாயா மரப்பட்டையின் சபோனின், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளாக இன்றைய மலேரியா தடுப்பூசிகளில் உள்ளது. அவற்றுள் உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்த ஒன்று நம் புனேயிலேயே தயாராகிறது. சீன மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்த தூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். அளவு வரையறுத்து, மனிதரிடம் சோதித்து, தீங்கையும் நன்மையையும் எண்ணிப் பார்த்த பிறகே அச்செடிகள் மருந்தாயின. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்ற நபிமொழியின் கருத்து, தேடு என்று நம்மை ஏவுகிறது. வாட்ஸ்அப்பில் வந்ததைக் குடித்துவிட்டுக் காத்திரு என்று ஏவவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், அளவுகடந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் ஐந்து நாட்களுக்குள் என்எஸ்1 பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்கக் கூடாது. நிலவேம்பு கொடுப்பதாக இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவருக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் ஒரு ஜும்ஆ பயானை இதற்கென ஒதுக்குங்கள். ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஹவுளில் மீன் விடுவது நம் பள்ளிவாசல்களின் பழைய வழக்கம். அது விட்டுப்போன இடங்களில் மீட்டெடுங்கள். கபரஸ்தானில் கிடக்கும் சிரட்டைகளையும் டப்பாக்களையும் இளைஞர்களைக் கொண்டு அகற்றுங்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் கொசுப்புழு பார்க்க வருவோரைப் பெண்கள் திருப்பி அனுப்ப நேர்கிறது. அத்தெருப் பெண்மணி ஒருவர் உடன் வந்தால் அந்தத் தயக்கம் தீரும். தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும் சுத்தத்தில் சேர்ந்ததே. சுத்தம் ஈமானோடு சேர்ந்தது.

சென்ற மழைக்காலத்தில் என் தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் தானே செவிலியருக்குத் தொலைபேசியில் தெரிவித்தாள். தெருவை யாரும் அடைக்கவில்லை. இருவர் வந்து, மாடியில் கிடந்த பழைய டயரைக் கவிழ்த்து நீரைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுவதே நபிவழி. நம் பிள்ளைகளையும் அண்டை வீட்டாரின் பிள்ளைகளையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.