இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

“டீச்சர், எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ?” அறிவியல் கூடத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி என் காதில் விழுகிறது. கேட்பவர் கைப்பேசியில் அரை நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்திருப்பார். அதில் ஐந்து அறிகுறிகளை அடுக்கியிருப்பார்கள். பேனாவை எங்கே வைத்தோம் என்று மறப்பது, பாடம் நடக்கும்போது வேறு நினைவு ஓடுவது, இப்படி. மதியம் ஒரு மணிக்குக் கடைசிப் பாடவேளை கணிதமாக இருந்தால் இந்த ஐந்தும் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கும். எனக்கும் இருக்கும்.

உங்கள் ஆர்வத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. மனம் எப்படி வேலை செய்கிறது என்று பதினாறு வயதில் கேட்பது நல்ல கேள்வி. ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் உளவியல் ஒரு பாடமாக இல்லை, எஸ்.டி.பி.எம். தேர்விலும் இல்லை. பள்ளியில் சொல்லித் தர ஆள் இல்லாததால் அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. என் கருத்து இதுதான்: உளவியல் படிக்க ஆசை இருந்தால் ஒரு முழுப் பாடநூலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். இணையத்தை வேடிக்கை பார்க்கும் இடமாக வைத்துக்கொள்ளாமல், உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளும் இடமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பாடநூல் விலை அதிகம் என்று இனிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓபன்ஸ்டாக்ஸ் அமைப்பு, முதலாண்டு மாணவர்களுக்கான உளவியல் நூலை 2014-இல் இலவசமாக வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2020-இல் வந்தது. மொத்தம் 16 அத்தியாயங்கள். கைப்பேசியிலேயே படிக்கலாம், பதிவிறக்கமும் செய்யலாம். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிக் கேள்விகள் உண்டு.

நூலைத் திறந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நேராக 15-ஆம் அத்தியாயத்துக்கு, அதாவது மனநலக் கோளாறுகளுக்குப் போவீர்கள். வேண்டாம். முதலில் இரண்டாம் அத்தியாயம். அது ஆய்வு முறைகளைப் பற்றியது. கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன, மாதிரியை எப்படித் தேர்ந்தெடுப்பது, இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கதை கிடையாது, படம் குறைவு. அதனால்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்.

தாண்டிப் போனால் என்ன நடக்கும்? ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 1971-இல் பிலிப் சிம்பார்டோ என்ற பேராசிரியர் கல்லூரி மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்து, ஒரு போலிச் சிறையில் விட்டார். இரண்டு வாரம் நடத்தத் திட்டமிட்ட சோதனை ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. சீருடை கொடுத்தால் சாதாரண மனிதனும் கொடியவன் ஆவான் என்று இன்றும் காணொளிகள் சொல்கின்றன. ஆனால் பழைய ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கடுமையாக நடந்துகொள்ளும்படி காவலர்களுக்கு ஊக்கம் தரப்பட்டது வெளியே வந்தது. அப்படிச் சொல்லப்படாத இன்னொரு காவலர் குழு ஒப்பிடுவதற்கு இருந்ததா? இல்லை. இரண்டாம் அத்தியாயம் படித்தவர் இந்தக் கேள்வியைத் தானாகவே கேட்பார்.

2015-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு முக்கியமான விளைவைக் கண்டதாகச் சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது அப்படி வந்தது 36 விழுக்காடுதான். உளவியல் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தன் கணக்கைத் தானே சரிபார்த்து, தவறியதை ஊரறிய வெளியிட்ட துறை அது. எனக்கு அதன் மீது மரியாதை கூடியது அப்போதுதான்.

இனி எப்படிப் படிப்பது? இதற்கு உளவியலே பதில் வைத்திருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களிடம் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை மாணவர்கள் இருமுறை படித்தார்கள். மற்றவற்றை ஒருமுறை படித்துவிட்டு, நினைவிருப்பதை வெற்றுத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்ததே முந்தியது, 81-க்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. இருமுறை படித்ததில் நினைவில் நின்றது 42 விழுக்காடு, எழுதிப் பார்த்ததில் 56. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம் “எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு உங்களுக்கு வரும் தைரியம் எத்தகையது என்று இப்போது புரிகிறதா? 2013-இல் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் பத்துப் படிக்கும் உத்திகளை எடைபோட்டார்கள். சுயசோதனையும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. வண்ணப் பேனாவால் கோடு போடுவது கீழே போனது. உங்களில் சிலரின் பென்சில் பெட்டியைப் பார்த்தால் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

ஆகவே இணையத்தில் காணொளியைத் தேடுவதற்கு முன் கேள்விகளைத் தேடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். எதிர்மறை வலுவூட்டல் என்றால் என்ன? தண்டனை என்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். இருக்கை வார் போடாவிட்டால் காரில் பீப் பீப் என்று சத்தம் வரும், போட்டதும் நின்றுவிடும். எரிச்சலான ஒன்று விலகுவதால் வார் போடும் பழக்கம் வலுப்படுகிறது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். தண்டனையோ ஒரு செயலைக் குறைப்பது. பாடத்தைப் பத்து முறை வாசித்தாலும் இந்தக் குழப்பம் உள்ளே மறைந்தே இருக்கும். ஒரே ஒரு பல்தேர்வுக் கேள்வி அதைப் பிடித்துவிடும்.

நூல் ஆங்கிலத்தில் இருப்பது சிரமம்தான். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் அறிவியலைப் படித்து, இப்போது ஆங்கிலத்தில் உளவியலா என்று மலைக்காதீர்கள். ஒரு பத்தியைப் படியுங்கள், மூடுங்கள், வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லுங்கள். சொல்ல வராத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம்.

அதோடு, நூலில் உள்ள உதாரணங்கள் அமெரிக்காவினுடையவை. நம் வீட்டு உதாரணங்களை நீங்களே கண்டுபிடியுங்கள், ஆனால் அவசரப்படாமல். பால்மரம் வெட்டிய என் பாட்டி, தோட்டம் துண்டாடப்பட்டு ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். பெரட்டு மணி அடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. இதை வகுப்பில் சொன்னால் உடனே “பாவ்லோவ், டீச்சர்!” என்று குரல் வரும். யோசியுங்கள். பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊற ஒரு தூண்டல் வேண்டும். இங்கே மணியே இல்லை. இருட்டியதும் தூங்கிப் பழகிய உடலின் கடிகாரமாக இருக்கலாம், வயது காரணமாக இருக்கலாம். எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மறுபடியும் இரண்டாம் அத்தியாயம்தான். (விடியலில் வெட்டியதற்குக் காரணம் உயிரியல். குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உள்ளழுத்தம் அதிகம், பால் நன்றாக வழியும்.)

நம் மண்ணின் சொற்களும் உளவியல் நூல்களில் ஏறியிருக்கின்றன. அமோக், லாத்தா இரண்டும் மலாய்ச் சொற்கள். திடுக்கிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லி, எதிரே இருப்பவர் செய்வதையெல்லாம் செய்யும் லாத்தாக்காரரைச் சந்தையில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994-ஆம் ஆண்டுக் கையேடு இவ்விரண்டையும் குறிப்பிட்ட பண்பாடுகளுக்கே உரிய நோய்க்குறிகளின் பட்டியலில் வைத்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பட்டியல் மாறியது, இரண்டும் அதில் இல்லை. இடையில் லாத்தாக்காரர்கள் மாறிவிடவில்லை. அவர்களைப் பார்த்த கண்தான் மாறியது.

இப்போது 15-ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். காணொளி சொன்ன அந்த ஐந்து அறிகுறிகளை அதே 2013 கையேட்டோடு ஒப்பிடுங்கள். உங்கள் வயதில் ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, கவனக்குறைவிலோ துறுதுறுப்பிலோ ஆறு அறிகுறிகளாவது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் இருந்தால் போதாது, வீடு போன்ற இன்னோர் இடத்திலும் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ பாதித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் முடிவு சொல்ல வேண்டியவர் பயிற்சி பெற்றவர்தான், நீங்களோ நானோ இல்லை.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. இல்லாத நோயைச் சூட்டிக்கொள்பவர்கள் ஒருபுறம் என்றால், உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவர்கள் வாயே திறப்பதில்லை. பேராக்கில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று எத்தனை முறை நண்பனைக் கிண்டல் செய்திருப்பீர்கள்? ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை 1911 முதல் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறது. ஓர் ஊரின் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. மூன்று வாரமாகத் தூக்கம் வராத மாணவி பள்ளி ஆலோசக ஆசிரியரின் அறைக்குள் நுழைய, அந்த ஒரு சொல் போதும் தடையாக. உளவியல் படிக்க ஆசைப்படுகிறவர் இந்தக் கிண்டலை முதலில் விட வேண்டும் என்பது என் கண்டிப்பான எண்ணம். அந்த அறைக்குப் போகத் தயங்கினால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது. அழைத்துப் பேசலாம்.

பெற்றோர் கேட்பார்கள், இதைப் படித்து என்ன வேலை என்று. மனநல மருத்துவராக முதலில் மருத்துவப் படிப்பு வேண்டும். மருத்துவமனைகளில் பணியாற்றும் உளவியலாளருக்கு முதுகலைப் பட்டம் தேவை. ஆலோசகராக, 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த வழியில் போனாலும் முதலாண்டிலேயே புள்ளியியல் காத்திருக்கும். “உளவியலுக்குத்தானே போகப் போகிறேன், கணிதத்தை விட்டுவிடலாமா?” என்று போன மாதம் ஒருவர் கேட்டார். இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து மறுபடி கேள் என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை.