எத்தனை ஹெச்.ஆர். நம்பர் இருக்கு?

கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன், ஆறு வருஷமா டெஸ்டிங்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை ஆனா ஜூனியர் பசங்க போன் மேல போன். 'அண்ணே, கோர் கம்பெனியா, ஐடியா?', 'கேட் எழுதவா, கிடைச்ச வேலையைப் பிடிச்சுக்கவா?' எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்லுவான். இதையே தொழிலா பண்ணலாமேன்னு ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு, பிளேஸ்மெண்ட் ஆபீசர் வேலைக்கு இண்டர்வியூ போனான்.

முதல் கேள்வி: "உங்ககிட்ட எத்தனை ஹெச்.ஆர். நம்பர் இருக்கு?"

"கொஞ்சம்தான் சார். ஆனா பசங்களோட உட்கார்ந்து பேசி..."

"பேசறது இருக்கட்டும். வருஷத்துக்கு எத்தனை ஆஃபர் லெட்டர் காட்டுவீங்க?"

கூடவே மே மாசம் அட்மிஷனுக்கும் ஆள் பிடிக்கணுமாம். வேலை கிடைக்கலை.

கல்லூரியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அட்மிஷனுக்கு வர்ற அப்பாக்கள் கேக்கறதும் 'பிளேஸ்மெண்ட் எத்தனை பர்செண்ட்?'னுதான். 2016-ல் முதல் பட்டியல் வெளியிட்ட என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் வேலைக்குப் போனவங்களைக் கணக்குல எடுக்குது. ஆனா மேற்படிப்புக்குப் போனவங்களையும் சேர்த்துத்தான் எடுக்குது. அதை யாரும் ஃபிளக்ஸ் போர்டுல போடறதில்லை :-)

வெளிநாட்டுல இது தனித் தொழில். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துல 1892-லயே இதுக்குன்னு ஒரு அமைப்பு வந்தாச்சு. இங்கே 2022-ல் தமிழக அரசு 'நான் முதல்வன்' ஆரம்பிச்சது நல்ல விஷயம். ஆனாலும் ஒவ்வொரு கல்லூரியிலயும் கதவைத் தட்டினா உட்கார வச்சுப் பேச ஒரு ஆள் வேணும். சிவில் படிச்சவன் பிடிக்காம ஐடியில சேர்ந்தா கல்லூரிக் கணக்குல ஒண்ணு ஏறிடும். எட்டு மாசத்துல அவன் வேலையை விட்டா யார் கணக்குலயும் வராது. மெக்கானிக்கல் படிச்சுட்டு கோட் அடிக்கிற எனக்கும், மூணாவது வருஷம் யாராவது அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தா தேவலைன்னு இப்பவும் தோணும்.

இந்த வேலைக்குப் போக ஆசைப்படறவங்க, இண்டர்வியூல நீங்களும் ரெண்டு கேள்வி கேளுங்க. ரெண்டாம் வருஷப் பசங்களைச் சந்திக்க நேரம் தருவீங்களா? மேற்படிப்பு, அரசுத் தேர்வுன்னு போறவனையும் என் உழைப்புல சேர்ப்பீங்களா? ரெண்டுக்கும் இல்லைன்னா அது ஆலோசகர் வேலை இல்லை, சேல்ஸ் வேலை. தப்பில்லை, ஆனா தெரிஞ்சு சேருங்க.

நண்பன் இன்னும் டெஸ்டிங்லதான் இருக்கான். ஞாயித்துக்கிழமை போன் மட்டும் நிக்கலை. ஓசி சர்வீஸ்!