192 கண்ணிகள், மூன்று ஞாயிறுகள்... மாமாவின் கடைசி ‘செயின் வண்டி’!

"நம்ம பட்டறைக்கு ஒரு டேங்க் வந்திருக்கும்மா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறியா?"

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா போனில் இப்படிச் சொன்னபோது, "எத்தனை லிட்டர் மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

போய்ப் பார்த்தால், பட்டறை நடுவில் இரண்டு மரக்கட்டைகள் மேல் நிஜமாகவே ஒரு பீரங்கி வண்டி! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய டைகர் டேங்க்கின் மாடல். முழுக்க உலோகம். நிஜ வண்டியில் ஆறில் ஒரு பங்கு அளவு. பீரங்கிக் குழாயை விட்டுவிட்டு அளந்தாலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே மோட்டார், பேட்டரி, ரிமோட் எல்லாம் உண்டு. ஆனால், சக்கரங்களைச் சுற்றி ஓட வேண்டிய செயின் மட்டும் இல்லை. அது பக்கத்தில் நான்கு டப்பாக்களில் துண்டு துண்டாகக் கிடந்தது.

வண்டியின் சொந்தக்காரர் கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தில் இருந்து பாகங்களாக வரவழைத்து, நான்கு வருடமாக வீட்டு மாடியில் கட்டியிருக்கிறார். செயினில் 31-வது கண்ணி வந்தபோது விரல் மூட்டுகள் ஒத்துழைக்கவில்லை. "பின்னைப் பிடிச்சா விரல் மடங்க மாட்டேங்குது தம்பி. இது ஒரு தடவை ஓடி நான் பாத்துட்டா போதும்" என்று மாமாவிடம் கொண்டுவந்து விட்டார்.

இந்த வாரம் அந்தச் செயின் கதைதான். மாடல் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு வேலை நுணுக்கம் கிடைக்கும். இல்லாதவர்களும் படிக்கலாம். ஏன் என்பது கடைசியில் புரியும்.

டேங்க்கின் உயிரே செயின்தான்!

ஆவடி பக்கம் வளர்ந்தவர்களுக்கு டேங்க் புதிதல்ல. விஜயந்தாவும் அர்ஜுனும் உருவானது அங்கேதானே! ஆனால், டேங்க் என்றதும் நம் கண் போவது பீரங்கிக் குழாய்க்குத்தான். செயினை யாரும் கவனிப்பதில்லை.

உலகின் முதல் டேங்க்கே செயினில்தான் திணறியது. 1915-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ‘லிட்டில் வில்லி’யை உருவாக்கியபோது, முதலில் அமெரிக்காவில் இருந்து வாங்கிய செயினைப் போட்டார்கள். பள்ளத்தைத் தாண்டும்போது அது தொங்கிக் கழன்றது. பிறகு வில்லியம் ட்ரிட்டன் என்ற இன்ஜினீயர், இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்துப் புதுச் செயின் வடிவமைத்தார். அதன் பிறகுதான் டேங்க் என்ற யோசனையே நிலைத்தது.

டைகருக்கும் செயின் ஒரு தலைவலிதான். வண்டியின் எடை சுமார் 57 டன். அவ்வளவு கனம் சேற்றில் புதையாமல் இருக்க 725 மில்லிமீட்டர் அகலத்தில் செயின் போட்டார்கள். ஆனால், அந்த அகலத்தோடு ரயிலில் ஏற்ற முடியாது. அதனால் ரயில் பயணத்துக்கு என்று 520 மில்லிமீட்டரில் இன்னொரு செயின். ஒவ்வொரு பயணத்துக்கும் கழற்றி மாட்ட வேண்டியது வீரர்களின் வேலை!

அந்த அகலச் செயினில் பக்கத்துக்கு 96 கண்ணிகள். மாடலிலும் அதே கணக்கு. இரண்டு பக்கமும் சேர்த்து 192. ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் அகலம். கோத்து முடித்தால் ஒரு பக்கச் செயின் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

முதல் ஞாயிறு: ஓட்டை சுத்தம்

"கோக்குறது ஒரு நாள் வேலைம்மா. அதுக்கு முன்னாடி இருக்குறதுதான் வேலை" என்றார் மாமா.

கண்ணிகள் வார்ப்பில் வந்தவை. வார்ப்பு என்றால் ஓரத்தில் பிசிறு இருக்கும். முதலில் அரத்தால் பிசிறை எடுத்தோம். அடுத்தது பின் போகும் ஓட்டை. பின் 3 மில்லிமீட்டர். மாமா போட்ட டிரில் பிட் 3.1.

"கொஞ்சம் பெருசா 3.5 போட்டா சுலபமா நுழையுமே மாமா?" என்று கேட்டேன்.

"கணக்குப் போடு. ஒரு மூட்டுல 0.1 ஆட்டம் இருந்தா 96 மூட்டுக்கு எவ்வளவு?"

9.6 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர்! ஒரு கண்ணியின் நீளமே 22 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். 0.5 ஆட்டம் கொடுத்தால் செயின் இரண்டு கண்ணிக்கும் மேலாக நீண்டுவிடும். பல் சக்கரத்தில் உட்காராமல் துள்ளும். பழைய சைக்கிளில் செயின் கழன்று கையெல்லாம் கிரீஸாகுமே, அதே கதை.

இன்னொரு பாடம், திசை. செயினுக்கு முன் பக்கம், பின் பக்கம் உண்டு. எல்லாக் கண்ணிகளையும் ஒரே திசையில் அடுக்கி, சாக்பீஸால் அம்புக்குறி போட்டோம். பாதியில் ஒன்று திரும்பிவிட்டால், அதுவரை கோத்ததை அவிழ்க்க வேண்டியதுதான்.

பத்துப் பத்தாகக் கோத்து, ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தோம். ஒவ்வொரு கண்ணியும் தன் கனத்திலேயே மடங்கித் தொங்க வேண்டும். விறைத்து நின்றால் அந்த ஓட்டையில் வேலை பாக்கி என்று அர்த்தம்.

இரண்டாவது ஞாயிறு: மாமாவின் தவறு

நான் போனபோது மாமா முகம் சரியில்லை. இடது பக்கச் செயின் தரையில் நீட்டிக் கிடந்தது. நடுவில் 14 கண்ணிகள் கட்டைபோல விறைத்து நின்றன.

நடந்தது இதுதான். பின் வெளியே வராமல் இருக்க, முனையில் சிவப்புப் பசை வைப்பார்கள். போல்ட், ஸ்க்ரூ லூஸாகாமல் இருக்கப் போடும் அதே பசை. ஊசி முனை அளவு போதும். மாமா சனிக்கிழமை இரவு தனியாக உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில் கூடுதலாக வைத்துவிட்டார். பசை இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, காலையில் எல்லாம் இறுகிவிட்டது.

"கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா. பொரை விழுந்திருக்குன்னு டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆச்சு" என்றார். வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. அத்தைக்குக்கூட.

கூடவே இன்னொன்றும் சொன்னார். மாத முடிவில் பட்டறையைக் காலி செய்கிறாராம். இரண்டு லேத்துகளுக்கும் ஆள் பார்த்து அட்வான்ஸ் வாங்கிவிட்டார். 33 வருடப் பட்டறை. "இதான் கடைசி வேலை. அதுலயா இப்படி ஆகணும்?"

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சாருக்குத் தெரியாம சரி பண்ணிடலாமே மாமா" என்றேன்.

மாமா பதில் சொல்லாமல் போனை எடுத்தார். "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க பொருள்ல 14 கண்ணி இறுகிடுச்சு. என் தப்புதான். சரி பண்ணிடுவேன், ஒரு வாரம் கூட வேணும்" என்றார்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நான் கப்பல்ல ஒரு தடவை பம்ப்பையே தலைகீழா மாட்டியிருக்கேன் தம்பி. பண்ணுங்க" என்று குரல் வந்தது.

அந்தப் பசை சூட்டில் இளகும். சுமார் 250 டிகிரி வேண்டும். சூடான காற்று அடிக்கும் ஹீட் கன்னைக் காட்டி, சூடு இருக்கும்போதே பின்னைத் தட்டி எடுத்தோம். (அந்தப் புகையை முகர வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். பெயின்ட் அடித்த பாகத்திலும் துத்தநாகக் கலவை வார்ப்பிலும் இந்த வேலை ஆகாது.) மூன்று பின்கள் வளைந்துவிட்டன. மாமா லேத்தில் எஃகுக் கம்பியைப் பூட்டி, புதிதாக மூன்று கடைந்தார். அளவு பார்க்க மைக்ரோமீட்டரை என்னிடம் கொடுத்தார். "நீ படி, நான் கடையறேன்."

அன்று முதல் பசை வைக்கும் வேலை எனக்கு. குண்டூசி முனையில் தொட்டு, வெளி ஓரத்தில் மட்டும்.

துரு என்ன நிறம்?

வலது பக்கக் கண்ணிகளைக் கோப்பதற்கு முன்பே கறுப்பாக்கிவிட்டோம். பிசுக்கு போகச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, இரும்பைக் கறுப்பாக்கும் ரசாயனத்தில் முக்கி எடுத்து, மறுபடி கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்தோம். கையுறை கட்டாயம். இடது பக்கத்துக்கு அவிழ்த்த கண்ணிகளோடு சேர்த்து அதே வைத்தியம்.

‘நல்ல ஆரஞ்சுத் துரு வேண்டும்’ என்பது சாரின் ஆசை. மாமா ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அங்கே கால்வாய் வேலைக்கு ஒரு பொக்லைன் நின்றிருந்தது. நம் ஊரில் அதற்குப் பெயரே செயின் வண்டிதானே!

"நல்லா பாரு. தரையில படுற இடம் வெள்ளி மாதிரி மின்னுது. ஓரம் கரும்பழுப்பு. மூலையில மண்ணு. ஆரஞ்சு எங்கயாவது இருக்கா?"

இல்லை. ஓடும் செயினில் புதுத் துரு நிற்காது, தேய்ந்துவிடும். மழையில் நின்ற வண்டியில்தான் ஆரஞ்சு பூக்கும்.

சாரின் வண்டி, இங்கிலாந்தின் போவிங்டன் டேங்க் மியூசியத்தில் இருக்கும் ‘டைகர் 131’ஐப் பார்த்துச் செய்தது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படை பிடித்த வண்டி அது. இன்றும் ஓடுகிறது. அப்படியானால் ஒட்ட வேண்டியது நம் ஊர்ச் செம்மண் இல்லை, வெளிறிய புழுதி. அதற்கு எங்கே போவது?

அத்தையின் அலமாரிக்கு! முல்தானி மிட்டிதான் பதில். முகத்துக்குப் பூசும் அதே மண். அதோடு துளி பழுப்பு நிறப் பொடி கலந்து, மூலைகளில் தூவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். காய்ந்ததும் ஒட்டிக்கொண்டது. தரையில் படும் மேடுகளையும், உள்பக்கம் சக்கரம் உரசும் கொம்புகளையும் எமரி பேப்பரால் தேய்த்தோம். இரும்பு மின்னியது.

மூன்றாவது ஞாயிறு: ஆறடிப் பயணம்

மாட்டுவது நிஜ டேங்க் போலவேதான். செயினைத் தரையில் நீட்டி, வண்டியை அதன் மேல் இறக்கி, மறு முனையைச் சக்கரங்களின் மேலாக இழுத்து, முன்னால் இருக்கும் பல் சக்கரத்தில் கோத்து, கடைசிப் பின்னைப் போட வேண்டும். பின்னால் இருக்கும் சக்கரத்தை முதலிலேயே லூஸ் செய்து வைப்பது அவசியம். ஒரு பக்கச் செயினே பத்து கிலோவுக்கு மேல். விரல் மாட்டினால் அவ்வளவுதான். இரண்டு பேர் இல்லாமல் இறங்காதீர்கள்.

டைகரில் மேல் பக்கச் செயினைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. பெரிய சக்கரங்களின் மேலேயே படுத்துக்கொள்ளும். அதனால் வயலின் கம்பிபோல இழுத்துக் கட்டக் கூடாது. இறுகினால் பேரிங்கும் மோட்டாரும் திணறும். தளர்ந்தால் திரும்பும்போது கழலும். முன் பல் சக்கரத்துக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவில் லேசான தொய்வு. அதுதான் பதம்.

சார் வந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். எனக்கு ஒரு வாரமாக இருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். "ஹிட்லர் படை ஓட்டின வண்டியை ஏன் சார் செய்யணும்?"

"அந்தப் படையைப் பிடிச்சு வாங்கலம்மா. அது பிடிபட்ட வண்டி. இவ்வளவு பெரிய மெஷினைக் கட்டியும் அவங்க தோத்தாங்கங்கிறதை என் பேரன் தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

ரிமோட்டை அழுத்தினார். வலது பக்கம் ‘டக்’ என்று துள்ளியது. செயின் தளர்வு. பின் சக்கரத்தை அரைச் சுற்று இறுக்கினோம். மறுபடி அழுத்தினார்.

சிமென்ட் தரையில் 192 கண்ணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படும் சத்தம்... கடகடவென்று ஆறடி போய் நின்றது. சார் ஒன்றும் பேசவில்லை. மாமா மட்டும் குனிந்து தரையில் பதிந்த புழுதித் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேரா போயிருக்கு" என்றார்.

பில் புத்தகத்தின் கடைசித் தாளில் மாமா எழுதியது: ‘டேங்க் செயின் - 2 எண்ணம்’. அவ்வளவுதான்.

பட்டறை இப்போது பூட்டியிருக்கிறது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. அத்தையிடம் சொன்னது நான்தான். மாமாவிடம் அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சார் வீட்டு மாடியில் இருக்கிறார். வண்டியின் மேல் கோபுரம் இன்னும் சுழலவில்லையாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓய்வு பெற்ற கைகள் இருக்கும். அவர்களிடம் ஒரு பழுதான பொருளைக் கொடுத்துப் பாருங்கள். கூடவே உட்காருங்கள். வெளிச்சம் போதுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.