கால் விரலைப் பார்க்கக் கூட்டம்!

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே மெட்ரோபாலிட்டன் என்று ஒரு பெரிய அருங்காட்சியகம். 2017 நவம்பர் 13 முதல் 2018 பிப்ரவரி 12 வரை அங்கே கூட்டமோ கூட்டம்! மூன்று மாதத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள்.

அப்படி என்ன அதிசயம்? தங்கமா, வைரமா? இல்லை. பழுப்பேறிய காகிதங்கள்! மைக்கேல் ஏஞ்சலோ என்ற இத்தாலிய ஓவியர் கைப்பட வரைந்த 133 படங்கள். அவர் 1475-ல் பிறந்து 1564-ல் மறைந்தவர். வாட்டிகனில் சிஸ்டைன் ஆலயத்து மேல்கூரையில் 1508 முதல் 1512 வரை ஓவியம் தீட்டிப் புகழ் பெற்றவர்.

அந்தக் காகிதங்களில் ஒன்று, சிவப்புச் சாக்கட்டியால் வரைந்தது. முதுகைக் காட்டித் திரும்பியிருக்கும் ஓர் ஆண். ஆலயக் கூரையில் அதே உருவம் பெண்ணாகிவிட்டது! ஓர் ஆணைப் பார்த்து வரைந்துதான் அந்தப் பெண்ணை எழுதியிருக்கிறார். காகிதத்தின் கீழே, கால் விரலை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். உடம்பின் பாரமெல்லாம் அந்த விரலில்தான் இறங்குகிறது. கூரையோ சுமார் 65 அடி உயரம். கீழே நிற்பவன் கண்ணுக்கு அந்த விரல் எவ்வளவு தெரியும்? இருந்தாலும் அவர் விடவில்லை.

வெண்ணந்தூர்த் தறிக்காரருக்கு இந்தப் பாடு புரியும். ஜக்கார்டு தறியில் பூ விழ வேண்டுமானால், முதலில் கட்டம் போட்ட தாளில் பூவை எழுத வேண்டும். ஒரு கட்டம் தவறினால் இதழ் கோணும். பிறகு அட்டையில் ஓட்டை அடிக்க வேண்டும். அந்தக் காலத்து இத்தாலியிலும் ஓட்டைதான்! கோட்டின் மேல் ஊசியால் குத்தி, தாளைச் சுவரில் வைத்து, கரித்தூளைத் தட்டுவார்கள். புள்ளி புள்ளியாகப் படம் சுவரில் இறங்கும். ரவிக்கையில் பூ வேலை செய்யும் பெண்களுக்கும் தெரிந்த வித்தைதான் இது.

மைக்கேல் ஏஞ்சலோ சாவதற்கு முன் தம் படங்களில் பலவற்றைத் தாமே கொளுத்திவிட்டார் என்று அவர் காலத்தவரான வசாரி எழுதியிருக்கிறார். தாம் பட்ட பாடு பிறர் கண்ணில் படக்கூடாதாம்! மிஞ்சியதைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா எழுதிய டிசைன் தாள் இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

பழைய படங்களுக்கு வெளிச்சம் ஆகாது. மை மங்கும். ஆகவே விளக்கைக் குறைத்துச் சில மாதம் காட்டுவார்கள். பிறகு நெடுநாள் இருட்டில் வைத்துவிடுவார்கள். அரை இருட்டு, சின்னக் காகிதம், முன்னால் பத்துத் தலை. திருச்செங்கோட்டுத் தேரன்று சாமி பார்ப்பது போலத்தான்! பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் பார்த்ததாக நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நியூயார்க் எட்டாத தூரம். சென்னை எழும்பூரில் 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், "நிற்காதே, நட, நட!" என்று விரட்டுகிறோமே, அது எதற்கு? எல்லாவற்றையும் பார்த்துத் தீர வேண்டியதில்லை. ஒரே ஒரு சிலை போதும். அதன் கால் விரலைப் பத்து நிமிஷம் பார்க்கட்டும். உயரம் குறைந்த பிள்ளைகளைப் பெரியவர்கள் முன்னால் விடட்டும்.

சேலத்தில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. பையில் கட்டுச்சோற்றோடு ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.