கூழுக்கும் ரொட்டிக்கும் ஒரே மரியாதை வேண்டும்

அச்சுவேலிச் சந்தையில் நுவரெலியாக் கரட்டும் லீக்சும் கோவாவும் விற்கின்றன. நம் தோட்டத்துக் கடைகளில் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் விற்கிறது. நாம் பறிக்கும் கொழுந்து தூளாகி, அங்குள்ள ஒவ்வோர் அடுப்படியிலும் கொதிக்கிறது. இப்படிப் பொருட்கள் போய் வருகின்றன. ஆனால் அங்குள்ள தாய்மார் என்ன சமைக்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்பது நமக்கு அவ்வளவாகத் தெரியாது. நம் லயத்து அடுப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததும் அதிகமில்லை. தோட்டத்துச் சனம் ரொட்டியும் சம்பலும் தின்னும் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அதைச் சொல்லும்போது குரலில் ஓர் ஏளனமும் சேர்ந்துகொள்கிறது.

சமையற் குறிப்புக்குச் சங்கப் பத்திரிகையில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் கேட்கும் சம்பளம் கடைசியில் அடுப்புக்குத்தான் போகிறது. அந்த அடுப்பில் வேகும் உணவுக்கு மரியாதை இல்லாதபோது, அதை உண்பவருக்கும் மரியாதை கிடைப்பதில்லை. ஆகவே இதுவும் நம் உரிமைப் பேச்சுத்தான்.

முதலில் ரொட்டியைப் பார்ப்போம். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார் ரொட்டி தின்றவர்கள் அல்லர். கேழ்வரகுக் களியும் கூழும் கொள்ளும் உண்டவர்கள். இங்கே வந்தபின் தோட்டமே அரிசி கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்று, பங்கீட்டில் கோதுமை மா பெருகியது. மலைக்குப் போகும் பெண்ணுக்கு அது தோதாகவும் இருந்தது. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளையும் பார்த்து, பெரட்டுக்கு நேரத்தோடு போயாக வேண்டும். மாவைப் பிசைந்து தட்டில் சுட்டால் அரை மணி நேரத்தில் காலைக்கும் மதியத்துக்கும் ஆயிற்று. துணியில் சுற்றிக் கட்டினால் மதியம் வரை மெதுவாக இருக்கும். கோப்பையும் கரண்டியும் இல்லாமல் மலையில் நின்றபடியே கையில் பிடித்துத் தின்னலாம். நேரமும் வசதியும் மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளி தன் மூளையால் கண்டுபிடித்த சமையல் அது.

இனி அச்சுவேலிப் பக்கத்து ஒடியற்கூழைப் பார்ப்போம். இன்று அது யாழ்ப்பாணத்தின் பெருமை. வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் தேடிக் குடிப்பது. ஆனால் அதன் பிறப்பும் வறுமையில்தான். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மா, நெல் விளையாத காலத்தில் வயிற்றை நிரப்பியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலும் பனையும் மரவள்ளியும் குரக்கனும் அங்குள்ள மக்களைத் தாங்கின. தேத்தண்ணிக்குச் சீனி இல்லாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டார்கள். பஞ்சத்தில் பிறந்த கூழ் பாரம்பரியமாகலாம் என்றால், பஞ்சத்தில் பழகிய ரொட்டி மட்டும் ஏன் இளக்காரம்?

அந்தக் கூழை நாமும் கற்கலாம். ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, தெளிந்த மேல் நீரை இரண்டு மூன்று தடவை இறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும். பெரிய பானையில் கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய் போட்டு அவிய விட வேண்டும். கடற்கரையில் மீன்தலை, நண்டு, இறால் சேர்ப்பார்கள். நமக்கு நெத்தலிக் கருவாடு போதும். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும் பழப்புளியும் கரைத்து ஊற்றி, அதன் பிறகு மாவைக் கரைத்து விட்டுக் கிளற வேண்டும். இறக்கும் முன் முருங்கையிலை. மழைக்காலத்தில் படங்கு நனைந்து வீடு வருபவருக்கு இதைவிட நல்ல உணவு இல்லை.

பதிலுக்குக் கொடுக்க நம்மிடமும் உண்டு. கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் நம் கிழவிகளின் கைப்பக்குவம். எந்தக் கீரையை எந்தப் பருவத்தில் கிள்ள வேண்டும், மணத்தக்காளியை எப்படிக் கடைய வேண்டும், பூசணிக் கொழுந்தை எப்படி நாரெடுத்து வறுக்க வேண்டும் என்பதெல்லாம் நம்மவர் அறிவார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரிகளிடம் மல்லுமும் கொலகெந்தவும் இருக்கின்றன. முஸ்லிம் வீடுகளில் நோன்புக் கஞ்சி இருக்கிறது. எவருடைய சமையலும் தனியே முளைத்ததல்ல. சம்பல் என்பது மலாய்ச் சொல். பாண் போர்த்துக்கேயருடையது. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. ஆகவே இது எங்களுடையது, அது தாழ்ந்தது என்று எவரும் வேலி கட்ட முடியாது.

ஆனால் பகிர்வு சமமானவர்களிடையே நடக்க வேண்டும். இதுவரை அப்படி நடக்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலைக்காரராகப் போனார்கள். கூழும் புட்டும் சொதியும் சமைக்கக் கற்றார்கள், ஆண்டுக்கணக்காகச் சமைத்தும் கொடுத்தார்கள். உன் அம்மா வீட்டில் என்ன சமைப்பார் என்று அவர்களிடம் கேட்டவர் எத்தனை பேர்? சமைத்த கையின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

யாழ்ப்பாணத்திலும் உணவால் ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். தேநீர்க் கடைக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை விடாத காலம் அது. நாம் பறித்த தேயிலையை அவர்களுக்கு வெளியே வைத்து, வேறு பாத்திரத்தில் ஊற்றினார்கள். 1966 ஒக்டோபர் 21 எழுச்சியும் அதைத் தொடர்ந்த ஆலய, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் அந்தக் கதவுகளைத் திறந்தன. அச்சுவேலிக்கு அண்மையில், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் அன்னதானம் பெயர் பெற்றது. அங்கே வருபவர் வரிசையாக இருந்து உண்கிறார்கள். உணவைப் பகிர்வதென்றால் ஒரே வரிசையில் இருப்பது என்றுதான் பொருள்.

எயிட்டி நாட்டு மக்கள் இதை உலகுக்குக் காட்டினார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் பூசணிக்காய்ச் சூப்பை எசமானர்களுக்குச் சமைத்தார்கள். அவர்கள் அதை உண்ணத் தடை. 1804 ஜனவரி 1இல் விடுதலை பெற்றதும் அதே சூப்பைத் தங்கள் சுதந்திர உணவாக்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் அயலவருக்கும் கொடுத்துக் குடிக்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. தோட்டத் தொழிலாளர் பரம்பரையின் சமையல் அது.

மரியாதை மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதும் உண்மை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 வீதம். 2022 நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறியபோது நம் வீடுகளில் ரொட்டியும் சிறுத்தது. இந்த நாட்டில் விளையாத ஒரு தானியத்தை நம்பி வாழ்வதன் விலை அது. மாவில் ஒரு பங்கு குரக்கன் சேர்த்தால் பிள்ளைகளுக்குக் கல்சியம் கிடைக்கும். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது சேராது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்பது நல்லது. இவை நாளைக்கே செய்யக் கூடியவை.

ஆனால் முருங்கையிலை போடு என்று குறிப்பு எழுதுவது சுலபம். லயத்தில் முருங்கையை எங்கே நடுவது? அச்சுவேலித் தாய்க்கு வளவு இருக்கிறது, செம்மண் இருக்கிறது, வேலியில் முருங்கை நிற்கிறது. நம் அடுப்படிக்கு வெளியே காலடி வைத்தால் அது கம்பனியின் காணி. தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி கிடைத்தது. 550 சதுர அடி வீடு போக ஏறத்தாழ 5 பேர்ச் மிஞ்சும். அதில் கீரையும் பயிற்றையும் முருங்கையும் தாராளமாக நிற்கும். அப்படியான காணி இன்னும் கிடைக்காத குடும்பங்கள்தான் அதிகம். அதுபோல, கூழ் காய்ச்ச நேரமும் வேண்டும். நாள் முழுக்க மலையில் நின்றவள் இரவு அடுப்பிலும் தனியாக நிற்பதென்றால் எந்தக் குறிப்பும் ஏட்டில்தான் இருக்கும். வீட்டு ஆண்களும் அடுப்படிக்கு வர வேண்டும்.

ஆகவே சங்கத்திடமும் அங்கத்தவர்களிடமும் சில கோரிக்கைகள். இப்பத்திரிகையின் ஒவ்வோர் இதழிலும் ஒரு வீட்டுச் சமையல் வரட்டும், சமைத்தவரின் விருப்பத்தோடு அவருடைய பெயரும் டிவிசனும் அவருடைய பேச்சு வழக்குமாக. எழுதத் தெரியாத மூத்தவர்களிடம் மகளிர் அணித் தோழியர் கேட்டு எழுதட்டும். அச்சுவேலி போன்ற ஊர்களின் மாதர் சங்கங்களோடு கடிதத் தொடர்பு ஏற்படுத்தி, அவர்களின் குறிப்புகளை நாமும் நம்முடையவற்றை அவர்களும் அச்சிடலாம். வடக்கில் ‘அம்மாச்சி’ உணவகங்களிலும் கன்னொறுவை ‘ஹெல போஜுன்’ நிலையத்திலும் பெண்கள் தாங்களே சமைத்து விற்று வருமானம் பெறுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் நம் நகரங்களில் தோட்டத்துப் பெண்களுக்கும் அத்தகைய இடம் வேண்டும் என்று கேட்போம். அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில், சம்பளத்தோடும் வீட்டோடும் சேர்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுத் தோட்டக் காணி என்பதையும் எழுதுவோம்.

குறிப்புகளை அடுத்த மாதமே அனுப்பத் தொடங்குங்கள், தோழியரே. முதலில் ரொட்டியில் இருந்தே தொடங்கலாம்.